நகத்தின் நீளத்தைக் கேட்ட பெண்

என் பணிக்காலத்தில் நான் நறுக்கிய நகங்களில் பெரும்பகுதி மற்றவர்களுடையவை. வெளியாட்களிடம் இப்படிச் சொன்னால் சலூன் வைத்திருந்தீர்களா என்று கேட்பார்கள். மரபணு ஆய்வுகூடத்தில் நான் உட்கார்ந்திருந்த மேசைகளில்தான் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆட்களை அடையாளம் காணும் வேலையில் பல்லையும் எலும்பையும் எல்லோரும் மரியாதையோடு தூக்குவார்கள். நகத்தை யாரும் மதிப்பதில்லை. நான் மதித்தேன். அதனால் ஆய்வுகூடத்தில் எனக்கு 'நகவெட்டி' என்று பெயர் வந்தது. சிங்கள நண்பர்களும் அந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்லியே கூப்பிட்டார்கள். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட இந்த மனுசன் அடுத்தவன் விரலைத்தான் பார்க்கிறது என்று என் மனைவி கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

கருவிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் காலத்துக் கருவிகளைக் கண்டால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் அவற்றின் மேல் பெரிய பாசம் இல்லை. நான் வெற்றி பெற்ற வழக்குகளைப் பற்றியும் எழுதலாம்தான். ஆனால் அவற்றில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே இப்போது சரியாக நினைவில்லை. பிழை விட்ட வழக்கு மட்டும் போன கிழமை நடந்தது போல மனதில் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள், எனக்குக் கோபம் வராது.

போரில் வன்னிக்குப் போகும் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. கொழும்பில் தமிழர்களான நாங்கள் அடையாள அட்டை இல்லாமல் மூலைக்கடைக்குத் தேங்காய் வாங்கக்கூடப் போகமாட்டோம். நான் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வேலைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி அட்டையைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, தெஹிவளைப் பக்கம் கரையில் மீனவர்கள் ஓர் உடலைக் கண்டார்கள். நான்கைந்து நாள் கடலில் கிடந்த உடல். முகத்தை வைத்து யார் என்று சொல்ல முடியாது. விரல்களில் தோல் உரிந்துவிட்டதால் ரேகையும் இல்லை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அடையாள அட்டை மட்டும் நனையாமல் இருந்தது. பெயர் ஜெயசீலன். பிறந்த இடம் கிளிநொச்சி. வயது இருபத்தொன்பது.

பொலிஸ் விசாரித்தபோது அவர் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பதிந்து தங்கியிருந்தவர் என்று தெரிந்தது. மனைவி ஸ்டெல்லா கொட்டாஞ்சேனையில் தன் பெரியம்மாவோடு இருந்தாள். நேசரி ரீச்சர். கல்யாணமாகி எட்டு மாதம். அவளைப் பிரேத அறைக்குக் கூட்டிப் போய் முகத்தையும் சட்டையையும் மட்டும் காட்டினார்கள். மற்றதெல்லாம் துணியால் மூடியிருந்தது. சட்டை அவருடையது, ஆள் அவர் இல்லை என்று அவள் சொன்னாள். அட்டையும் அவருடையது, சட்டையும் அவருடையது, ஆள் மட்டும் எப்படி வேறாக இருக்க முடியும் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். நீதவான் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டார். உடலின் பத்து விரல் நகங்களும் ஒரு கடித உறைக்குள் என்னிடம் வந்து சேர்ந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க ஜெயசீலனுடைய ஏதாவது வேண்டும். பெற்றோர் வன்னியில், வர வழியில்லை. பிள்ளை இல்லை. மனைவியின் இரத்தம் இதற்கு உதவாது. ஆகவே சார்ஜன்ட் ஒருவர் லொட்ஜுக்குப் போய், அறையில் அவர் விட்டுப்போனவை என்று மனேஜர் கட்டிக் கொடுத்த பையைக் கொண்டுவந்தார். கட்டுகிற சாரம் இரண்டு, ஒரு துவாய், ஒரு நகவெட்டி. மேசையில் அந்த நகவெட்டியைத் தட்டினேன். அதன் இடுக்கிலிருந்து ஏழெட்டு நகத் துணுக்குகள் உதிர்ந்தன. எனக்கு லொத்தர் விழுந்தது போல இருந்தது. நகத்தோடு நகத்தை ஒப்பிடுவதை விடச் சுத்தமான வேலை வேறு என்ன இருக்கிறது?

உடலின் நகங்களைப் பார்த்தபோது இன்னும் சந்தோஷம். பத்தும் நன்றாக வளர்ந்த, ஒரு சீராக வெட்டப்பட்ட நகங்கள். பாதியைச் சோதித்துவிட்டு மீதியைப் பத்திரமாக உறையில் வைக்கலாம். நகத்தின் மேலும் கீழும் அடுத்தவனுடைய மரபணு ஒட்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கழுவி எடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மூன்று தரம் கழுவினேன். என் மனைவி கீரை கழுவுவதற்குக்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள். முடிவு வந்தது. ஒப்பிட்ட இடமெல்லாம் பொருந்தியது. நகவெட்டியில் இருந்ததும் உடலில் இருந்ததும் ஒரே ஆண். 'கண்டெடுக்கப்பட்ட உடல் ஜெயசீலன் என்பவருடையது' என்று அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். முதலில் என் கையெழுத்து விழ வேண்டும், பிறகு எங்கள் ஆய்வுகூடத் தலைவியின் கையெழுத்து. மறுநாள் காலை அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

நான் பேனாவை எடுத்த நேரத்தில் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லாவையும் பெரியம்மாவையும் ஜீப்பில் கூட்டி வந்திருந்தார். அவர் சிங்களவர், மோசமான மனிதர் இல்லை. சோதனைச் சாவடி வேலையில் மூன்று நாள் தூங்காதவர் போல இருந்தார். என்னை ஒரு பக்கம் அழைத்துச் சிங்களத்தில் சொன்னார்.

"மாத்தயா, உடலைப் பொறுப்பெடுக்க இந்தப் பிள்ளை கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள் தமிழில் விளக்கினால் கேட்கும். பிரேத அறையில் இடமே இல்லை."

இது என் வேலை இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விஞ்ஞானத்தை வடிவாக விளக்குகிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது. மூவரையும் சின்ன அறையில் இருத்தி, என் விரல்களை நீட்டி, பையில் வந்த நகவெட்டியையும் காட்டி, நகம் என்றால் என்ன, அதற்குள் என்ன இருக்கிறது, எப்படிக் கழுவினோம், எப்படி ஒப்பிட்டோம் என்று கால் மணித்தியாலம் பேசினேன். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். ஸ்டெல்லா அழவில்லை. நேசரிப் பிள்ளை பாட்டு ஒப்புவிப்பதைக் கேட்பவள் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் உறைந்துபோய் இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அதுவும் பிழை. என் பேச்சு முடிந்ததும் அவள் கேட்டாள்.

"சேர், அந்த நகம் எவ்வளவு நீளம்?"

"ஏன் பிள்ளை?"

"சும்மா சொல்லுங்கோ."

நான் கட்டைவிரலால் என் சுட்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினேன். "இவ்வளவு வெள்ளை விளிம்பு இருந்தது. நல்ல நகம்."

அவள் சிரித்தாள். அந்த அறையில் யாரும் எதிர்பார்க்காத சிரிப்பு அது. பெரியம்மா பயந்துபோய்ச் சிலுவை அடையாளம் போட்டார்.

"அவருக்கு நகமே இல்ல சேர். எல்லாத்தையும் கடிச்சுப் போடுவார். கல்யாணத்தில மோதிரம் போடேக்க ஃபாதர் விரலைப் பார்த்திட்டு, தம்பி வீட்டில சாப்பாடு குடுக்கிறதில்லையோ எண்டு மெல்லமாக் கேட்டவர்."

"அது உண்மைதான்" என்றார் பெரியம்மா, அழுகையை நிறுத்திவிட்டு. "நான் பாவக்காய்ச் சாறு பூசி விட்டனான். அதையும் நக்கிப்போட்டு இன்னும் இருக்கோ பெரியம்மா எண்டு கேக்கிறான்."

"இந்த நகவெட்டியும் அவர்ட இல்ல" என்றாள் ஸ்டெல்லா. "இதை வச்சு அவர் என்ன செய்யிறது?"

எனக்கு முகம் சுட்டது. இத்தனை வருடம் நகவெட்டி என்று பெயர் வாங்கியவன் நான். அந்த நகவெட்டி யாருடையது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மனேஜர் சார்ஜன்டிடம் சொன்னார், சார்ஜன்ட் பையில் பெயர் எழுதினார், நான் அந்தப் பெயரை அறிக்கையில் தட்டினேன். நகத்தை மூன்று தரம் கழுவிய நான் அந்தப் பெயரை ஒரு தரம்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "செத்த பிறகும் நகம் வளரும்தானே?" என்றார். நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் கேட்ட கதை அது. வளராது என்றேன். தோல் சுருங்குவதால் நகம் நீண்டது போலத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கடித்த நகம் சும்மாவும் வளருமே. ஸ்டெல்லா கடைசியாக அவரை எப்போது கண்டாள்? உடல் கிடைத்ததற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கோயிலில், பக்கத்தில் நின்று. பூசை நேரத்திலும் கடித்தார் என்று முழங்கையால் இடித்திருக்கிறாள். நகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான் வளரும். ஆறு நாளில் ஒரு மில்லிமீற்றரே வராது.

நான் உள்ளே போய் மீதி நகங்கள் இருந்த உறையை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். வழுவழுப்பாக, ஓரம் தேய்த்து விடப்பட்ட நகங்கள். எங்கேயும் பல் பட்ட பிசிறு இல்லை. அவற்றை நான் ஏற்கெனவே பார்த்தவன்தான். பார்த்து, நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவன்.

ஆனால் பிள்ளைகளே, நீங்கள் அந்த நேரத்தில் இருந்து பாருங்கள். அட்டை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், பொருந்திய மரபணு ஒரு பக்கம். மறுபக்கத்தில் இருப்பது, புருஷன் செத்துவிட்டான் என்பதை ஏற்க மனமில்லாத ஒரு பெண்ணின் வாய்வார்த்தை. இன்ஸ்பெக்டர் அதைத்தான் சொன்னார். "மனைவிமார் எதையும் சொல்வார்கள், மாத்தயா. நாளைக்குக் காலையில் வழக்கு. கையெழுத்துப் போடுங்கள்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மனதில் பாதி அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டால் ஜெயசீலன் என்ற ஆள் சட்டப்படி செத்துவிடுவான். உயிரோடு இருந்தாலும் செத்தவன்தான். பெட்டிக்குள் கிடப்பவன் வேறு ஒருவனாக இருந்தால் அவனை இனி யாரும் தேடமாட்டார்கள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனேன். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் மேடம்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நேரம் கடந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சோதனை என்ன சொல்கிறது?" என்றார்.

"இரண்டும் ஒரே ஆள்."

"அப்போ அதை எழுதுங்கள்."

"பெயர்?"

"நகம் உங்களுக்குப் பெயர் சொன்னதா?" என்று கேட்டுவிட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டார்.

நான் எழுதியதைக் கிழித்தேன். உடலின் நகங்களும் இந்த நகவெட்டியில் இருந்த துணுக்குகளும் ஒரே ஆணுடையவை, அவர் யார் என்பதை இந்தச் சோதனை காட்டவில்லை என்று புதிதாக எழுதினேன். இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு, இதை வைத்து நீதவானிடம் நான் என்ன சொல்வது என்று சத்தம் போட்டார். ஒரு கிழமை தவணை கேளுங்கள், பிழை ஆய்வுகூடத்தின் மேல் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் ஜீப்பில் ஏறும் வரை என்னைப் பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் போய்த் தவணை கேட்டார். பிழை ஆய்வுகூடத்துடையது என்று சொல்லவும் இல்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

அவர் போன பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஸ்டெல்லாவிடம் கேட்டேன். உங்கள் கணவர் மட்டும் தொடுகிற, வேறு யாரும் கை வைக்காத பொருள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா?

அவள் யோசிக்கவே இல்லை. "கடிச்ச நகம் சரிவருமோ சேர்?"

மறுநாள் அவள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தாள். ஜெயசீலன் வெள்ளவத்தையில் ஒரு டியூசன் வகுப்பில் ஆங்கிலம் பேசப் படித்திருக்கிறார். படிக்கும்போதுதான் அதிகமாகக் கடிப்பாராம். கடித்ததைத் துப்பிவிட்டு எழுந்து போகச் சோம்பல், ஆகவே கொப்பியின் நடு மடிப்புக்குள் தள்ளிவிடுவாராம். இதற்காக அவள் அவரோடு இரண்டு தரம் சண்டை பிடித்திருக்கிறாள். கடைசியாகக் கண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியை வீட்டில் விட்டுப் போயிருந்தார். நான் கையுறையோடு பக்கம் பக்கமாக விரித்தேன். கேள்வி வாக்கியங்கள் இருந்த பக்கங்களில்தான் நகம் அதிகம். பாவம், அவை கஷ்டம்தான். ஒவ்வொரு துணுக்கிலும் பல்லின் அடையாளம் இருந்தது. எச்சிலும் காய்ந்திருந்தது. இந்த முறை எனக்கு லொத்தர் விழுந்த உணர்வு வரவில்லை. சூடு கண்ட பூனையாகிவிட்டேன்.

"இந்தக் கொப்பியை வேற ஆரும் பாவிக்கிறதோ?"

"அந்தக் கையெழுத்தை அவரே வாசிக்கமாட்டார் சேர்."

"வீட்டில வேற ஆராவது நகம் கடிக்கிறதோ?"

"பெரியம்மாவுக்குப் பல்லே இல்ல."

பல் இல்லாத பெரியம்மாவின் கன்னத்திலிருந்தும் பஞ்சில் மாதிரி எடுத்தேன், ஸ்டெல்லாவிடமிருந்தும் எடுத்தேன், என்னுடையதையும் பக்கத்தில் வைத்தேன். முடிவு நான்காம் நாள் வந்தது. கொப்பியில் இருந்த துணுக்குகள் ஒரே ஓர் ஆணுடையவை. அந்த ஆண் கடலில் கிடந்தவர் இல்லை.

ஸ்டெல்லாவை அழைத்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதோடு நிறுத்த முடியாது. "பிள்ளை, இது அந்த உடல் அவருடையது இல்லை எண்டுதான் சொல்லுது. அவர் உயிரோட இருக்கிறார் எண்டு சொல்லேல்ல. அதை என்னால சொல்ல ஏலாது."

"அதை நீங்கள் சொல்லத் தேவையில்ல சேர்" என்றாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் பொலிசுக்குச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். ஜெயசீலன் ஏஜென்சி மூலம் வெளிநாடு போக இருந்தவர். ஏஜென்ட் கூப்பிட்ட நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் லொட்ஜில் கிடந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, இனி என்னைத் தேடாதே, போய்ச் சேர்ந்து நானே எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்தவன் பெயரில் இருக்கும் பாஸ்போட்டில் போகிறவன் சொந்தப் பெயர் உள்ள எதையும் கொண்டுபோகக் கூடாது. பிடித்தால் அங்கேயே முடிந்தது. அதனால் அட்டையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் என்று தெரியாது. அவள் உறைந்துபோய் இருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் மறுபடி லொட்ஜுக்குப் போனார். இந்த முறை அவரும் சரியான கேள்வியைக் கேட்டார். நகவெட்டி யாருடையது? மனேஜர் தலையைச் சொறிந்துவிட்டு, அது அதே அறையில் இருந்த வசந்தனுடையது என்றார். நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பையன், புடவைக்கடையில் வேலை. பட்டுச் சேலையை விரித்துக் காட்டும்போது நகம் பட்டு நூல் இழுபடக் கூடாதென்று நகத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பான். அவன் எங்கே? தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டான் என்று மனேஜர் நினைத்திருந்தார். கடை முதலாளியும் அப்படியே நினைத்திருந்தார், தீபாவளிக்குப் போனவன் பொங்கலுக்குத்தான் வருவான் என்று திட்டிக்கொண்டும் இருந்தார். ஊரில் தாய், மகனுக்கு இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை என்று நினைத்திருந்தார். ஆகவே வசந்தனை யாருமே தேடவில்லை.

தாய் ரயிலேறி வந்தார். அவருடைய மாதிரியை எடுத்தேன், பொருந்தியது. அதை அவரிடம் நான்தான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டதற்காக இல்லை, நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜெயசீலன் தன் சட்டையையும் அட்டையையும் நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வசந்தனின் சொந்த அட்டையைக் கடல் கொண்டுபோயிருக்கும். வசந்தன் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பாறைகளில் வழுக்கி விழுந்திருக்கிறான் என்பது மரண விசாரணையின் முடிவு. தாய், "எம் புள்ளதான்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார். நான் கண்டுபிடிக்கவில்லை அம்மா, தன் புருஷன் இல்லை என்று ஒரு பிள்ளை அடித்துச் சொன்னாள், அதனால்தான் என்றேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மகன் வேறொருவன் பெயரில் மண்ணுக்குள் போயிருப்பான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தத் தாய் பஸ் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கருவி சொன்னதை எழுதுங்கள், அது சொல்லாததை அதன் வாயில் வைக்காதீர்கள். எதிரில் இருப்பவர் விஞ்ஞானம் தெரியாதவர் என்றால் நீங்கள் பேசுவதைக் குறைத்து அவரைப் பேச விடுங்கள்.

அடக்கம் முடிந்ததும் ஸ்டெல்லா வசந்தனின் தாயைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போய்விட்டாள். தனியாக மலைக்கு அனுப்ப மனம் வரவில்லை, ஒரு கிழமை இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அந்தக் கிழமையின் செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவும் பெரியம்மாவும் நவநாளுக்குக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனார்கள். தாய் வீட்டில் தனியாக இருந்தார். மறுநாள் ஸ்டெல்லா ஒரு பெட்டி கேக்கோடு ஆய்வுகூடத்துக்கு வந்து சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

பதினொரு மணியளவில் வீட்டு டெலிபோன் அடித்தது. தாய் எடுத்தார். தூரத்திலிருந்து ஒரு குரல், அவரைப் பெரியம்மா என்று நினைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசியது.

"பெரியம்மா, நான் ஜெயன். வந்து சேர்ந்திட்டன். நல்லாயிருக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்ல. ஸ்டெல்லாட்டச் சொல்லுங்கோ. வசந்தன் வந்தவனோ? என்ர ஐடியைக் கொண்டுவந்து குடுத்தவனோ?"

அவன் சிரித்த சத்தம் டெலிபோனில் கேட்டதாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தானாம்.

"ஆமாப்பா" என்றார். "கொண்டாந்து குடுத்துட்டான்."

"அவனுக்கும் சொல்லுங்கோ, நான் நல்லாயிருக்கிறன் எண்டு."

"சொல்றேன்பா."

ஸ்டெல்லா கோயிலிலிருந்து வந்தபோது அவர் டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒன் வீட்டுக்காரரு பேசினாரும்மா" என்றார். "நல்லா இருக்காராம்."